ஏழாவது கட்டம்

சிறுநீர்ப் பரிசோதனை நாளன்று என் பணி பார்ப்பது. படைமுகாம் மருத்துவமனையின் கழிப்பறை வாசலில் நின்று, குலுக்கலில் எண் விழுந்த வீரர்கள் ஒவ்வொருவரும் தம் உடலிலிருந்துதான் புட்டியை நிரப்புகிறார்கள் என்பதைக் கண் விலக்காமல் பார்த்து, படிவத்தில் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். போதைப்பொருள் விதிகளில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. சொல்லக் கூச்சமாகத்தான் உள்ளது. ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

"புதுப்பொண்ணு மாதிரி ஏண்ணே தலையைக் குனியிறீங்க? நல்லாப் பாருங்க. அப்புறம் சரியாப் பார்க்கலைன்னு மறுபடியும் கூப்பிடக் கூடாது" என்றான் பஞ்சர்.

பஞ்சர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவன் வண்டி பழுதாகி வழியில் நின்றதில்லை என்பதற்காகவே நண்பர்கள் அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். இன்னும் பத்து மாதங்கள் ஓட்டினால் பதினைந்து ஆண்டுகள் நிறைந்து, ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். முந்தைய ஆண்டு ஒரு லாரி அவன் வண்டியை இடித்ததில் முதுகெலும்பில் அடிபட்டது. எங்கள் மருத்துவர்தான் கடுமையான வலிமாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்தறையில் நின்று அதை எடுத்துக் கொடுத்தவன் நான்.

புட்டியை மூடி என்னிடம் நீட்டிவிட்டு, அவன் படிவத்தை எழுத உட்கார்ந்தான். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. கடந்த முப்பது நாட்களில் உட்கொண்ட மருந்துகள்.

"அண்ணே, மூணு வாரம் முன்னாடி அந்த வயித்துல குண்டு பட்ட பையனை ஏத்திக்கிட்டுப் போனேன்ல, பதினோரு மணி நேரம்? திரும்பி வந்து வண்டியை ஒப்படைச்சதும் இடுப்பை நிமிர்த்தவே முடியல. மிச்சம் இருந்ததுல ரெண்டு மாத்திரை போட்டேன். அதையும் எழுதணுமா?"

"எழுதிடு தம்பி. டாக்டர் குடுத்ததுதானே? உள்ளதைச் சொல்லிட்டா உனக்குத்தான் பாதுகாப்பு."

மருந்துச்சீட்டுகளின் பதிவேடு என் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில் இருந்தது. ஆறு மாதம் கடந்த சீட்டு செல்லாது என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் சொன்ன சொல்லை நம்பி எழுதுகிறவன் எதிரில் எழுந்துபோய்ப் பதிவேட்டைப் புரட்டினால், அவனைச் சந்தேகிப்பதாக எண்ணிவிடுவானோ என்று தோன்றிற்று. மரியாதைக் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அவன் அழகாக, கோடு தாண்டாமல் எழுதி முடித்தான். கீழே நான் கையெழுத்திட்டேன்.

இரண்டு வாரத்தில் ஆய்வக முடிவு வந்தது. அவன் சிறுநீரில் எதுவும் இல்லை. ஆனால் படிவங்களைச் சரிபார்த்த எழுத்தர், அவன் மாத்திரை போட்ட நாளுக்குப் பதினோரு நாள் முன்பே மருந்துச்சீட்டு காலாவதியாகியிருந்ததைக் கண்டுபிடித்தார். செல்லாத சீட்டில் அந்த வகை மாத்திரையை உட்கொள்வதும், தெருவில் வாங்கி உட்கொள்வதும் எங்கள் விதிப்படி ஒன்றுதான். ஏழாவது கட்டத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தால் யாரும் எதையும் தேடியிருக்கமாட்டார்கள்.

விசாரணைக்கு முன்பு ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதிகாரி என்னை நாற்காலியில் அமரச் சொன்னார். எதிரே பஞ்சர் விறைப்பாக நின்றிருந்தான்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அவராவே எழுதினாரா? யாராவது மிரட்டினாங்களா?"

"மிரட்டல சார். ஆனா..." நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். "நான்தான் சார் எழுதச் சொன்னேன். சீட்டு தேதியைப் பார்க்காம சொல்லிட்டேன். தப்பு என்மேல சார்."

அவர் படிவத்திலிருந்து தலை நிமிர்த்தி, உண்மையான பரிவோடு என்னைப் பார்த்தார். "இதுல என்ன தப்பு? சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. மறைக்கச் சொல்லியிருந்தாத்தான் தப்பு." எழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க. சாட்சி முறைப்படி அறிவுறுத்தியிருக்கார், இவர் மனமுவந்து ஒப்புக்கிட்டிருக்கார்." பிறகு பஞ்சரிடம் தாழ்ந்த குரலில், "நல்ல டிரைவர்யா நீ. எனக்குத் தெரியாதா? உன்னை விட்டுட்டு நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இன்னொருத்தனைப் பிடிப்பேன், சொல்லு" என்றார்.

பஞ்சர் சல்யூட் வைத்தான். பணிநீக்கம், பத்து நாளில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற உத்தரவோடு நாங்கள் வெளியே வந்தோம். ஓய்வூதியம் கிடையாது என்று அந்தத் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது.

கடைசி நாள் அவன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. அழைப்பு இல்லாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "வாங்கண்ணா. டீ போடலாம்னா அடுப்பைக் கட்டிட்டேன்" என்றாள் அவன் மனைவி, தவறு தன்னுடையது போல. மகளின் பள்ளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையணை மூட்டையோடு அவள் கீழே இறங்கிப்போனாள். இரும்பு பீரோ மட்டும் மிஞ்சியிருந்தது.

"ஆள் பிடிச்சுக்கிட்டு வரேன் தம்பி. நீ தூக்கக் கூடாது."

"யாரண்ணே வருவாங்க?" என்றான். உண்மைதான். நான் வந்து நின்ற அரைமணி நேரத்தில் அந்த மாடியில் மூன்று கதவுகள் ஓசையின்றிச் சாத்திக்கொண்டிருந்தன.

நான் கீழ்ப்புறம் பிடித்தேன், அவன் மேல்புறம். முதல் திருப்பம்வரை அவனே பின்னோக்கி வண்டி எடுப்பவனுக்குச் சொல்வதுபோல், "வா, வா, இடது ஒடி, போதும்" என்று வழி சொன்னான். இரண்டாம் திருப்பத்தில் குரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பீரோவின் விளிம்புக்கு மேல் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. வியர்வை புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்குதா தம்பி?"

வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"ஏண்ணே? எங்கேயாவது எழுதிக் குடுக்கணுமா?"

சிரிக்க முயன்றான் போலும். பீரோ லேசாக அதிர்ந்தது. அந்தப் படி குறுகலானது, அங்கே எதையும் இறக்கி வைக்க இடமில்லை. மேலே திரும்பவும் முடியாது. கீழே வாசலில் அவன் மனைவி, "பத்திரம், பத்திரம்" என்று கூப்பிட்டாள். பீரோவின் கதவுப் பூட்டு விலகி, உள்ளே மறந்துபோன ஒரு துணிமாட்டி கம்பியில் இப்படியும் அப்படியுமாக உரசிக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டபடி, கைகளை மாற்றாமல், அப்படியே நின்றோம்.