வலது ஓரத்துக் கோப்பை

இரண்டு கோப்பைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இடது கையில் இருந்தது நுரைக்கும் ஒயின். வலது கையில் இருந்தது ஆப்பிள் ஜூஸும் சோடாவும். இரண்டின் அடியிலும் ஒரே அளவு மாதுளைப் பாகு கிடந்தது. மேலே வர வர அதன் சிவப்பு வெளுத்து, விளிம்பில் வெறும் பொன்னிறமாகிவிட்டிருந்தது. சோடாவின் குமிழிகள் மட்டும் கொஞ்சம் பெரிதாக, அவசர அவசரமாக ஏறின. மற்றபடி இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஒரு வாரமாக வேலை விட்டு வந்ததும் சமையலறையில் நின்று செய்து செய்து பார்த்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று அவளுக்கு முகம் மலர்ந்தது. கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க வருகிறவர்களை உட்கார வைத்து, இதில் தெளிவாகத் தெரிகிறதா, அதில் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டே பிழைப்பு நடத்துகிறவன். அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பாராட்டிவிட்டு, கூடவே ஒரு சந்தேகமும் கேட்டான். இப்படி ஒன்றுபோல இருந்தால் நாளைக்கு விருந்தில் நமக்கே குழம்பிவிடாதா, உன் அண்ணன் கோப்பையின் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிடலாமே என்றான். நூலைக் கட்டினால் ஏன் நூல் என்று கேட்பார்கள் என்றாள். சரி, சாதா டம்ளரில் கொடுத்துவிடலாம் என்றான். அவள் கோப்பைகளைக் கீழே வைத்தாள்.

"பாத்தா தெரியக் கூடாதுங்க. அதுக்குத்தானே இவ்வளவும்."

தட்டின் வலது ஓரத்தில் வைப்பதென்று முடிவாயிற்று. நூலும் வேண்டாம், டம்ளரும் வேண்டாம். வலது ஓரம் அண்ணனுக்கு.

அவள் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு வழக்கம். அந்த வருஷம் பதவி உயர்ந்தவர் யாரோ அவர் வீட்டில்தான் ஆண்டுக் கடைசி விடுமுறை விருந்து. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் தப்பித்ததும் இல்லை. இந்த வருஷம் அவள் முறை. போன வருஷம் கணக்குப் பிரிவுக்காரர் பாட்டில்களை அப்படியே மேசையில் வரிசையாக வைத்து, வேண்டியதை ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதை மேலாளர் இன்னமும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். மேலாளருக்கு அலுவலகத்தில் 'மைக்' என்று பெயர். கையில் மைக் கொடுத்தால்தான் பேசுவார் என்றில்லை, கொடுக்காவிட்டாலும் அதே நேரம்தான் பேசுவார். அவர் வாயில் விழுந்தால் அடுத்த வருஷம் வரை எழுந்திருக்க முடியாது. அதனால்தான் அவள் வீடியோக்களைப் பார்த்து இந்தக் காக்டெயிலைப் படித்தாள். மாதுளைச் சாற்றைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்துப் பாகாக்கி ஆற வைக்க வேண்டும். பாட்டிலின் தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருக வேண்டும். கோப்பையைச் சாய்த்து அதன் உட்சுவரோரமாக ஒயினை இறக்க வேண்டும். கடைசியில் ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்து, உள்ளே போட வேண்டும். எல்லாம் கைவந்துவிட்டது. மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மெஷின் அறைகளில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். மீதிப் பாதியைக் குடித்துக் கழித்தான். வேலை போயிற்று. அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள். சிகிச்சை மையத்திலிருந்து வெளியே வந்தபோது கூட்டிப்போக வந்தவள் தங்கை ஒருத்திதான். மழைக்காலத்திலிருந்து அவள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான், ஒரு சொட்டுத் தொடவில்லை. அண்ணியும் இப்போதெல்லாம் போனை எடுக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் வருகிறேன் என்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். போன தடவையும் இதே இடம்வரை வந்துதான் எல்லாம் பாழாயிற்று. யாரோ வற்புறுத்திக் கொடுத்த ஒரே ஒரு பீரில் ஆரம்பித்தது அது. ஒரு வாய் உள்ளே போனால் பிறகு அவன் அவனில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

விருந்து பற்றிச் சொன்னபோது, அன்றைக்கு எங்காவது வெளியே போய்விட்டு வருகிறேனே என்று அவனாகத்தான் சொன்னான். வீட்டு ஆளை விருந்தன்று வெளியே அனுப்புவதா என்று கணவன் ஒரே பிடியாக மறுத்துவிட்டான். சரி, எனக்குச் சாதா ஜூஸ் போதும், கேட்டால் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்றான் அண்ணன். ஏன் என்று கேட்பார்களே என்றாள் அவள். கேட்டால் என்ன என்பதுபோல் அவன் பார்த்தான். அலுவலகத்தில் அவள் வேறு கதை சொல்லி வைத்திருந்தாள். அண்ணன் வெளியூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார், நீண்ட லீவில் வந்திருக்கிறார் என்று. விருந்தன்று காலையில் அந்தக் கதையை அவனிடமும் சொல்லி, யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடச் சொன்னாள். சொல்லும்போது துணி மடிப்பதுபோல் குனிந்துகொண்டாள். "சரி பாப்பா" என்றான் அவன். அந்த ஒரு கோப்பைக்காக மற்ற எல்லாக் கோப்பைகளையும்விட அதிகமாக மெனக்கெட்டிருந்தாள். அதற்கு அக்கறை என்று அவளாகவே ஒரு பெயரும் வைத்திருந்தாள்.

அண்ணன் காலையிலிருந்தே ஓடியாடினான். சோபாவைச் சுவரோரம் தள்ளினான், ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினான், மச்சானின் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டான். தோள்பட்டை கொஞ்சம் இறுக்கம், இருந்தாலும் பார்க்க நன்றாக இருந்தான். மத்தியான வெயில் கூடத்துக்குள் வந்த நேரத்தில் அலுவலகத்தார் வந்து சேர்ந்தார்கள். மைக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

அவள் சமையலறையில் பாகை ஊற்றி, ஒயினை இறக்கி, தோலைப் பிழிந்து தட்டை நிரப்பினாள். அண்ணனுடையதை வலது ஓரத்தில் வைத்தாள். கணவன் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். முதலில் அண்ணன் கைக்குக் கொடுத்துவிட்டால் கலப்பதற்கு வழியில்லை என்பது அவள் திட்டம். கணவன் அவளுக்கு எதிரே வந்து தட்டை நீட்டினான். மைக் அவளைப் பெயர் சொல்லிப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவர் பக்கம் சிரித்தபடியே வலது ஓரத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். அவளுடைய வலது. தட்டைப் பிடித்திருந்தவனுக்கு அது இடது. எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். கணவனின் கட்டைவிரலை ஒட்டி மிஞ்சியிருந்ததை அவள் எடுத்துக்கொண்டாள்.

மைக் கோப்பையை உயர்த்தினார். எல்லாரும் உயர்த்தினார்கள். ஒரு வாய் குடித்தாள். ஆப்பிள் ஜூஸ்.

முதலில் நாக்குக்குத்தான் தெரிந்தது. பிறகு தலை நிமிர்ந்து அண்ணனைத் தேடினாள். கூடத்தின் அந்தக் கோடியில், ஜன்னலை ஒட்டி அண்ணன் நின்றிருந்தான். கோப்பையை முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தியிருந்தான். மூக்கு அவனுக்குச் சொல்லியிருக்கும், அவனைவிட நன்றாக அந்த வாசனை தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் யார் இருக்கிறார்கள்? கோப்பையின் விளிம்புக்கு மேலாக அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

நடுவில் இரண்டு மூன்று பேர்தான் நின்றார்கள். விலக்கிக்கொண்டு போய், அண்ணா கிளாஸ் மாறிப்போச்சு என்று வாங்கிக்கொண்டால் முடிந்தது. ஆனால் மைக் சும்மா விடுவாரா? எல்லாம் ஒரே சரக்குதானே, இதில் மாற என்ன இருக்கிறது என்று கேட்பார். உங்கள் கையில் என்ன, அவர் கையில் என்ன என்று ஆரம்பித்து, ஏன் அவருக்கு மட்டும் தனியாக என்பதில் வந்து நிற்பார். லீவு, வெளியூர்க் கம்பெனி எல்லாம் ஒவ்வொன்றாக அவிழும். புது வருஷம் முழுக்க அவள் மேசையைக் கடக்கும் ஒவ்வொருவர் முகத்திலும் அது இருக்கும். இவ்வளவையும் அந்த நேரத்தில் அவளால் வரிசையாக நினைக்க முடிந்தது. கால் மட்டும் நகரவில்லை. அவள் சிரித்தாள். அண்ணனைப் பார்த்தல்ல, பொதுவாக, விருந்து வைத்தவள் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு மைக் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன சார், தங்கச்சி கையால செஞ்சது, அப்படியே வச்சிருக்கீங்க?" என்று மைக் ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் சிரித்துவிட்டுக் கோப்பையை உயர்த்தினான். அந்தச் சமயம் பார்த்துக் கணக்குப் பிரிவுக்காரரின் தலை குறுக்கே வந்தது. தலை விலகியபோது, ஐஸ் எடுத்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவன் கோப்பையோடு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே திறந்த பாட்டில்கள் இருந்தன.

இப்போதாவது போயிருக்கலாம். சமையலறைக்குப் போக விருந்து வைத்தவளுக்குக் காரணமா வேண்டும்? ஆனால் மைக் போனை எடுத்துவிட்டார். அவர் மனைவிக்கு இந்தச் செய்முறை வேண்டுமாம், ஒன்று விடாமல் சொல்ல வேண்டுமாம். அவள் சொன்னாள். முதலில் பாகு, அதற்குப் பிறகுதான் ஒயின், மாற்றிச் செய்தால் பொங்கி வழிந்துவிடும் என்றாள். அவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டார். ஒயின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், ஊற்றிய பிறகு கலக்கவே கூடாது என்றாள். மாதுளை எத்தனை என்றார். அதையும் சொன்னாள். தோலில் வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும் என்பதை அவர் கேட்காமலேயே சொன்னாள். தன் குரல் நிதானமாக, அழகாக ஒலிப்பதைத் தானே கேட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தாள். அவர் எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார், அதில் ஒரு பிழையைத் திருத்தவும் செய்தாள்.

கணவன் வந்து அவரை மாடிச் செடிகளைப் பார்க்கக் கூட்டிப்போன பிறகுதான் சமையலறைக்குப் போனாள்.

அண்ணன் தொட்டிக்கு முன்னால் நின்று கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கொண்டுபோன கோப்பை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. மேடையில் ஒரு பாட்டில் பாதியில் நின்றது. அதைப் பாதியில்தான் விட்டுவிட்டுப் போனோமா என்று யோசித்தாள், நினைவில்லை.

"அண்ணா, கிளாஸ் மாறிப்போச்சு."

"தெரியும்."

குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தான். வாஷர் மாற்றிய குழாய் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நின்றது.

"நீ ஒரு வாய் குடிச்சதுமே உனக்கும் தெரிஞ்சிருச்சு பாப்பா. வருவேன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நின்றவன் பஸ் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னான். கோபித்துக்கொண்டிருந்தால் அழுதிருப்பாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள், ஏதாவது ஒன்று நடந்திருக்கும். உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கூசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் தன்பாட்டுக்கு ஒரு வேலை செய்தது. கவிழ்த்த கோப்பையைப் பார்த்தது, பாதி பாட்டிலைப் பார்த்தது, அங்கிருந்து அவன் வாய்க்கு வந்து நின்றது. பார்வையை எடுத்துவிட நினைத்தாள், அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

முன்பெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவனை அண்ணி வாசலிலேயே நிறுத்தி, ஊதிக்காட்டச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். ஒருமுறை அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது இவளே அதைப் பார்த்து, மனுஷனை இப்படியா நடத்துவது என்று அண்ணியிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள். இப்போது அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலேயே அவன் கையைத் துடைத்த துணியைக் கீழே வைத்தான், ஓரடி கிட்டே வந்தான், இறுக்கமான சட்டை முதுகில் இழுக்க அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து ஊதினான்.

ஒயின் மணந்தது. அவள் விரல்களில் மணந்தது, உடுப்பின் முன்பக்கத்தில் மணந்தது, தொட்டியிலும் மேடையிலும் பிழிந்து போட்ட தோல்களிலும் மணந்தது. பாட்டிலைத் திறந்ததிலிருந்து அந்த அறையே அதில்தான் ஊறிக் கிடந்தது. எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. போதும்ணா என்று சொல்ல வாயெடுத்தாள். கூடத்தில் யாரோ எதற்கோ பலமாகச் சிரித்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாததால் சரியாக ஊதவில்லையோ என்று நினைத்தானோ என்னவோ, அண்ணன் கண்ணைத் திறக்காமலே இன்னும் கொஞ்சம் குனிந்து, வாயை இன்னும் அகலமாகத் திறந்தான்.