மூன்று பேர் படுக்கிற இடம்

அக்காவும் அத்தானும் படகிலிருந்து இறங்கியபோது தண்ணீர்க்காரன் இஸ்திரி போட்ட சட்டையில் துறைமேடையின் ஓரத்தில் நின்றான். இந்த நாளுக்காக அவன் நான்கு வருஷம் காத்திருந்தான். அந்தத் தீவு ஓட்டலில் ஒரு விதி உண்டு. நான்கு வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்தவர்கள், கூட்டம் குறைந்த மாதத்தில், சொந்தக்காரர்கள் இரண்டு பேரை வரவழைத்துக் கடலோர அறையில் நான்கு இரவு தங்கவைக்கலாம். இடையில் அந்த அறைக்கு வெளியாள் யாராவது வந்துவிட்டால் மட்டும் காலிசெய்து கொடுத்துவிட வேண்டும்.

"இந்த மாசத்துல எவன் வரப்போறான், தைரியமா கூட்டிட்டு வாங்க" என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்லியிருந்தாள்.

கடல்நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்கும் இயந்திரம் தீவின் பின்பக்கம், ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. பகலில் அவன், இரவில் மீசை என்று எல்லோரும் கூப்பிடுகிற இன்னொருவர். அவர்கள் இருவரும் ஒரு மணிக்கு ஒரு தடவை அழுத்தமானியைப் பார்த்து எழுதவில்லை என்றால் தீவில் யாருக்கும் குளிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனால் அக்காவுக்கும் அத்தானுக்கும் கொட்டகையைக் காட்டும் எண்ணம் அவனுக்கு இல்லை. பவளத்திட்டு, வெள்ளை மணல், கண்ணாடி அடிப்பக்கம் வைத்த படகு, இவற்றைத்தான் காட்ட நினைத்தான். இந்த நான்கு நாளில் இவர்கள் ஒரு குறையும் அறியக்கூடாது, யாருக்கும் பாரமாக இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கக்கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காரணம் இருந்தது. அம்மா இறந்து, அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு ஒதுங்கிக்கொண்ட வருஷம் அவனுக்குப் பதினாறு வயது. ஒரு தகரப் பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவன், ஆறு வருஷம் கழித்து வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திரும்பத் தூக்கினான். ஓர் அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல்கட்டு; அதில் ஏற்கெனவே அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள். எத்தனை நாள் இருப்பாய் என்று அத்தான் அந்த ஆறு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

அத்தான் அதிகம் பேசமாட்டார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இரவு வேலை. விடிந்த பிறகு வந்து, மற்றவர்கள் சுருட்டி வைத்த பாயையே மறுபடி விரித்துப் படுப்பார். தெருப் பிள்ளைகள் அவருக்கு ஆந்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்ததே தண்ணீர்க்காரன்தான்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் பரிமாற வந்தவனிடம்கூட அவன் அதைச் சொல்லிச் சிரித்தான். "எங்க அத்தானைச் சீக்கிரம் தூங்கச் சொல்லாதீங்க. ராத்திரின்னாதான் அவருக்குக் கொண்டாட்டம்."

அத்தானும் சிரித்தார். அக்கா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அவன் விழுந்து விழுந்து கவனித்தான். காலையில் பழத்தட்டு, மாலையில் இளநீர், மதியம் குடை. நாற்காலியை இழுத்துப் போட்டான். அத்தான் செருப்பைத் தேடினால் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான். அக்கா ஒவ்வொன்றுக்கும் "எதுக்குப்பா உனக்குத் தொந்தரவு" என்றாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

மூன்றாம் நாள் காலையில், அறை சுத்தம் செய்கிற பெண் அவனைக் கொட்டகை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க ஆளுங்க ரூம்லதான் தங்குறாங்களா, இல்ல மணல்ல படுக்குறாங்களா?"

"ஏன்?"

"கட்டில்ல ஒரு சுருக்கம் இல்லை. கப்பைக் கழுவித் துடைச்சு கவுத்து வெச்சிருக்காங்க. துண்டை அன்னம் மாதிரி மடிச்சு வெச்சேன் பாருங்க, அது வெச்ச இடத்துலயே உக்காந்திருக்கு. குளிச்சுட்டு எதுல துடைக்கிறாங்க?"

வீட்டிலிருந்து கொண்டுவந்த நைந்த துண்டில் துடைத்துக்கொள்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அன்னத்தைக் கலைக்க மனசு வரவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். இவர்கள் இங்கே இருக்கவில்லை, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறார்கள்.

அன்று மதியம் வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. வேறெங்கோ அடித்த புயலால் விமானம் நின்றுபோன பயணிகள் ஒரு கூட்டமாக மாலைப் படகில் வருகிறார்கள். இருக்கிற அறைகள் எல்லாம் வேண்டும்.

"மூணு மணிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடுங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியலை" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவன் போனை வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பம்பைப் பார்த்தபடி நின்றான். வந்த விருந்தாளியைப் பாதியில் எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அக்கா அன்றைக்கே படகேறிவிடுவாள். உனக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று ஊர் போய்ச் சேரும்வரை வருந்துவாள். அவனுக்கு ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை இருந்தது. பத்தடிக்கு ஒன்பதடி, ஒரு கட்டில், ஓர் அலமாரி. இரண்டு பேர் தாராளமாகத் தங்கலாம். மூன்றாவது ஆள் மட்டும் இடத்தில் இல்லாமல் இருக்க வேண்டும்.

அவன் மீசைக்குப் போன் செய்து இரண்டு நாள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டான். பிறகு கடலோர அறைக்குப் போனான். அக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இந்த ஏ.சி. கொஞ்சம் தகராறு பண்ணுதாம். சரி பண்ண ரெண்டு நாள் ஆகும். நம்ம ரூம் ஒண்ணு இருக்கு, அங்க வந்துடுங்க."

"அப்ப நீ எங்கப்பா படுப்பே?"

"எனக்கு ரெண்டு நாளும் நைட் டியூட்டி. ரூம் சும்மாதான் கிடக்கும்."

அத்தான் மெதுவாகத் திரும்பினார். "மீசைக்காரர்தானே நைட்டு?"

"அவருக்கு உடம்பு சரியில்லை அத்தான்."

"காலையில சீட்டி அடிச்சுக்கிட்டு சைக்கிள்ல போனாரே."

"திடீர்னு ஆகிடுச்சு. அதுவும் இல்லாம, எனக்கும் நைட்டுதான் பிடிக்கும். வெயில் இல்லை, மேஸ்திரி தொல்லை இல்லை. அமைதியா இருக்கும். என் உடம்புக்கு அதுதான் ஒத்துக்குது."

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமல் வந்தது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்டயேவா மாப்ள? இந்தப் பொய்யைக் கண்டுபிடிச்சவனே நான்தானே. மேஸ்திரி தொல்லை இல்லைங்கிறதைக்கூட விடாம அப்படியே சொல்றியே."

"சும்மா இருங்க" என்றாள் அக்கா.

தண்ணீர்க்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன பொய் அத்தான்?"

அத்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காதான் சொன்னாள். இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்ததாலோ என்னவோ, சொல்லும்போது அவளுக்குக் கோபமே வந்தது.

"நீ பெட்டியோட வந்தியே, அன்னைக்கு நீ தூங்கினப்புறம் இவர் சாக்பீஸை எடுத்துத் தரையில கோடு போட்டுப் பார்த்தார். நாலு பேர்தான் படுக்க முடியும். அஞ்சாவது ஆளுக்குக் கால் வாசலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் கம்பெனிக்குப் போய், எனக்கு நைட் ஷிப்ட் கொடுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டார். யாருமே கேட்டு வாங்காத ஷிப்ட்டு. கேட்டா, உடம்புக்கு ஒத்துக்குதாம்! நீ வேலைக்குப் போன வாரமே பகலுக்கு மாத்திக்கிட்டார். ஆந்தையாம் ஆந்தை. ராத்திரியில முழிச்சிருக்கறது யாருக்குப் பிடிக்கும்?"

தண்ணீர்க்காரன் கட்டிலில் உட்கார்ந்தான். மூன்று நாளில் அந்த விரிப்பில் விழுந்த முதல் சுருக்கம் அதுதான். பகலில் அத்தான் குறட்டை விடுகிறார், படிக்க முடியவில்லை என்று அக்காவிடம் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. சமையல்கட்டில் பாத்திரத்தை வேண்டுமென்றே நங்கென்று வைத்திருக்கிறான். அத்தான் புரண்டு படுப்பாரே தவிர எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஏன் அத்தான் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"

"அத்தான், நான் உங்களுக்கு..."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று அத்தான் அவசரமாக மறித்தார். "உன் ரூம் எத்தனைக்கு எத்தனை?"

"பத்துக்கு ஒம்பது."

"அடேங்கப்பா. நம்ம வீட்டைவிட ஒரு அடி பெரிசு. மூணு பேருக்கு ஏன் பத்தாது?"

இதற்குப் பிறகு ஏ.சி. கதையில் அர்த்தமில்லை. அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டதை அவன் சொன்னான். அக்கா ஊருக்குக் கிளம்புகிறேன் என்பாள் என்று எதிர்பார்த்துக் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான்.

"அவ்வளவுதானா!" அக்கா எழுந்து புடவையை உதறினாள். "நல்லதாப் போச்சு. அந்தத் துண்டு பொம்மையைப் பார்த்துப் பார்த்து மூச்சு முட்டிப்போச்சு எனக்கு. எதைத் தொட்டாலும் கலைஞ்சுடுமோன்னு பயம். எங்கே உன் ரூமு, நட."

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வரவேற்புப் பெண் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றாள். "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் குழம்பிப்போனாள்.

அவனுடைய அறைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து மூக்கைப் பிடித்தாள். கொடியில் தொங்கிய அவனுடைய துண்டை இரண்டு விரலால் தூக்கினாள்.

"இது துண்டா, வலையா? இதை வெச்சு மீன் பிடிக்கலாம். இதுக்குத்தான் சொல்றேன், காலாகாலத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு."

"வந்தவுடனே ஆரம்பிச்சுட்டியா?"

"வந்து மூணு நாள் ஆச்சு. அந்த ரூம்ல சத்தமாப் பேச முடியலை. அதான் ஆரம்பிக்கல."

அத்தான் சாணும் முழமுமாகத் தரையை அளந்தார். கட்டிலைச் சுவரோடு தள்ளி, அலமாரியை மூலைக்கு நகர்த்தி, இரண்டு பாய்க்கு இடம் கண்டுபிடித்தார். ஐம்பது வயதில் அவர் காட்டிய உற்சாகம், கண்ணாடிப் படகில் மீன் காட்டியபோது இல்லை. அக்காவுக்குக் கட்டில், ஆண்கள் இருவருக்கும் தரை என்று முடிவாயிற்று. தரையில் யார் சுவரோரம் என்பதில் மட்டும் இருவருக்கும் சின்னத் தகராறு வந்தது. அக்கா இருவரையும் அதட்டி அத்தானைச் சுவரோரம் அனுப்பினாள்.

தண்ணீர்க்காரன் வெளியே வந்து மீசைக்கு மறுபடி போன் செய்தான்.

"அண்ணே, மாத்த வேண்டாம். நானே பகல்ல வந்துடறேன்."

"என்னய்யா விளையாடறியா? பகல் டியூட்டின்னு இப்பத்தான் வீட்டுக்காரிகிட்ட பெருமையா சொன்னேன்."

"வீட்டுல ஆள் வந்திருக்காங்க அண்ணே. ராத்திரி வீட்டுல இருக்கணும்."

வீடு என்று அந்தப் பத்தடி அறையை அவன் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் அத்தானே கேட்டுக் கொட்டகைக்கு வந்தார். அழுத்தமானி ஒவ்வொன்றையும் காட்டி, இது எதற்கு, முள் ஏறினால் என்ன செய்வாய் என்று ஒரு மணி நேரம் விசாரித்தார். குழாயில் பிடித்த தண்ணீரை, கூடவே வந்த அக்கா சந்தேகமாக ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிறகு முழு டம்ளரையும் குடித்தாள். "தீவு மொத்தமும் என் தம்பி கொடுக்கிற தண்ணியைத்தான் குடிக்குது" என்று அங்கே வந்த எலக்ட்ரீஷியனிடம் சொன்னாள். அவர் பாவம், நான்கு வருஷமாக அதைக் குடித்துக்கொண்டிருப்பவர். சாயங்காலம் ஊழியர்கள் குளிக்கிற பின்பக்கக் கரையில் முழங்கால்வரை இறங்கி, புடவை நனைந்ததற்கு அலையைத் திட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். இரண்டு நாளும் தொந்தரவு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. "உப்பு எங்கே", "சோப்பு வாங்கிட்டு வா", "இப்படியா துணி காயப்போடறது", இவைதான் வந்தன. அவன் வாங்கி வந்தான், திட்டு வாங்கினான்; பதினாறு வயதுப் பையன்போல வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை படகில் அத்தான் முதலில் ஏறிப் பையை வாங்கி வைத்தார். அவர் கையை விடாமல் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தான் தண்ணீர்க்காரன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"உன் பம்புல ரெண்டாவது முள்ளு கொஞ்சம் ஆடுது மாப்ள, பார்த்துக்கோ" என்றார் அத்தான்.

"பார்த்துக்கறேன் அத்தான்."

அக்காவை ஏற்றிவிடக் குனிந்தபோது அவள் காலில் புதுச் செருப்பைப் பார்த்தான்.

"அக்கா, ரப்பர் செருப்பை எடுத்து வெச்சியா?"

"உன் கட்டிலுக்கு அடியில கிடக்கு."

"ஐயோ, மறந்துட்டியா? இரு, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"எதுக்கு? அங்கேயே கிடக்கட்டும்" என்றபடி அக்கா பலகையில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "அடுத்த தடவை வந்தா போட்டுக்க வேண்டாமா?"