ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு பாட்டில்

மாதேஸ்வரன் வீட்டில் உடைந்த பொருள் என்று ஒன்றும் கிடையாது. ஒட்டின பொருள்தான் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியின் கால், மிக்ஸி ஜார் மூடி, டிவி ரிமோட், பெண்டாட்டியின் செருப்பு வார், அம்மாவின் பட்டன் போன் எல்லாம் அவன் கையில் ஒரு தடவையாவது செத்துப் பிழைத்தவை. உடைந்த இடத்தில் ஆப்ப சோடாவைத் தூவி, மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல் மாதிரி இறுகிவிடும் என்று இண்டூரில் கேட்டவனுக்கும் சொல்லுவான், கேட்காதவனுக்கும் சொல்லுவான். ஒட்டினது எத்தனை நாள் தாங்கியது என்று மட்டும் அவனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு நாள் பூரா பேச மாட்டான். தர்மபுரியில் டிராக்டர் சாமான் கடையில் வேலை பார்க்கிற மனுஷனுக்கு இதுக்கெல்லாம் எங்கிருந்துதான் நேரம் கிடைக்குமோ.

போதாததற்கு பஸ் கிறுக்கு வேறு. சன்போர்டு அட்டையை வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, முழ நீளத்துக்கு டவுன் பஸ் செய்வான். பென்னாகரம் போகிற பஸ் ஒன்று ஒரு மாசமாய் டிவி மேசைமேல் நிற்கிறது. அதற்குப் பக்கக் கண்ணாடி ஒட்டுவதற்காகத்தான் அந்த பாட்டில் க்ளூவை வாங்கினான். சின்ன டியூப் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில், கூர்மூக்கு, திருகு மூடி. வந்த மறுநாளே பசை வழிந்து, லேபிளில் விரல் ஒட்டி, பிடுங்கினதில் லேபிளும் கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் அது வெறும் வெள்ளை பாட்டில்.

க்ளூவை ஃப்ரிட்ஜில் வைத்தால் காயாது என்று எவனோ ஒரு வீடியோவில் சொல்லியிருந்தான். நேற்று ராத்திரி கண்ணாடியை ஒட்டி முடித்ததும் பாட்டிலைக் கொண்டுபோய்த் தயிர்க் கிண்ணம் பக்கத்தில் வைத்தான். பெண்டாட்டி அன்பரசி சும்மா விடுவாளா? சாப்பிடுகிற பொருளோடு விஷத்தைக் கொண்டுவந்து வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதும் நியாயம்தானே என்று எடுத்து, சாப்பாட்டுச் சாமான் எதுவும் இல்லாத இடமாய்ப் பார்த்து வைத்துவிட்டுப் படுத்தான். அந்த இடம் ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தட்டு. மருந்து வைக்கிற தட்டு.

இது அவனுக்கு நினைவுக்கு வந்தது அரூரில்.

காலையில் கடையிலிருந்து ரோட்டவேட்டர் பிளேடு கட்டிக் கொடுத்து அரூருக்கு அனுப்பியிருந்தார்கள். இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியின் காது உடைந்து போச்சு என்று நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். மாதேஸ்வரனுக்குக் கை பரபரத்தது. சட்டைப் பையைத் தடவினான். க்ளூ இல்லை. எங்கே வைத்தோம் என்று யோசித்தான். ஃப்ரிட்ஜ். கதவு. மேல்தட்டு. அங்கே ஏற்கெனவே ஒரு பாட்டில் இருந்ததே. வெள்ளை பிளாஸ்டிக், கூர்மூக்கு, திருகு மூடி. இவன் வைத்தபோது இரண்டும் கூடப் பிறந்ததுகள் மாதிரி நின்றது இப்போது கண்முன் வந்தது.

முன்னாடி இருந்தது அம்மாவின் கண் சொட்டு மருந்து.

டீ கிளாசைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் அந்தப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தான்.

அம்மா ஜானகியம்மாளுக்குக் கண்ணுப் பொறை எடுத்து இன்னும் பத்து நாள் ஆகவில்லை. எடுத்தது வலது கண்ணில். இடது கண் எந்தக் காலத்திலோ கரும்பு வெட்டப் போன இடத்தில் சோகை இலை கிழித்துப் போய்விட்டது. ஆக, அந்த அம்மாவுக்கு உலகத்தில் இருக்கிறதே அந்த ஒற்றைக் கண்தான். கட்டு பிரித்த அன்றைக்கு, "மாதேசு, உனக்கு மீசை நரைச்சிருச்சாடா" என்று கேட்டுச் சிரித்தாள். இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காலையிலும் ராத்திரியும் அன்பரசி மருந்து விடுவாள். காலையில் கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு எழுந்து விட்டுவிட்டுத்தான் பனியன் கம்பெனி வேனுக்கு ஓடுவாள். இன்றைக்குக் காலையில் அவள் சரியான பாட்டிலைத்தான் எடுத்திருப்பாள், படிக்கத் தெரிந்தவள். ஓடுகிற அவசரத்தில் அதைப் பின்னால் இருந்த இடத்திலேயே திரும்பச் சொருகியிருப்பாள். மத்தியானச் சொட்டு பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் பொறுப்பு. ஆட்டை இழுத்துக் கட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, தவறாமல் வந்துவிடுவாள். நல்ல மனுஷி. ஆனால் எழுத்துப் படிக்கத் தெரியாது. கதவைத் திறந்தால் எது முன்னால் இருக்கிறதோ அதை எடுப்பாள். முன்னால் இருந்தது எது? இவன் கடைசியாய் வைத்ததுதான்.

அம்மா போனுக்கு அடித்தான். மணி போனது, போனது, நின்றது. மறுபடி அடித்தான். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் போன் கீழே விழுந்து உடைந்தபோது ஒட்டிக் கொடுத்தவன் இவன்தான். பசை உள்ளே இறங்கி ஸ்பீக்கரை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து அது கொசு கத்துகிற மாதிரிதான் கத்தும். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அன்பரசியைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. நஞ்சம்மாளிடம் போனே கிடையாது. தெருமுனை டீக்கடை மாயவனுக்கு அடித்தான். மாயவன் பென்னாகரத்தில் ஒரு காதுகுத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தான். வேறு யாரையாவது பிடித்துப் போகச் சொல்கிறேன் என்றான். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டு, ஒருத்தரும் எடுக்கலைங்க, எல்லாம் காட்டுல இருப்பாங்க போல என்றான்.

மாதேஸ்வரன் பைக்கை முறுக்கினான். அரூரைத் தாண்டினதும் ஒட்டி வைத்த இடது பக்கக் கண்ணாடி கழன்று ரோட்டில் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் கண் எரிந்தபோதெல்லாம், பசை பட்டால் எரிச்சல் இதுபோல் எத்தனை மடங்கு இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் போட்டது. இமையும் இமையும் ஒட்டிக்கொண்டு, என்னடி நஞ்சம்மா கண்ணைத் திறக்க வரலையே என்று அம்மா கேட்பது காதிலேயே விழுந்தது.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. க்ளூ பாட்டிலின் மூக்கைத் துடைத்து வைக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் மூக்கு அடைத்துக்கொள்ளும். அடைத்திருந்தால் எத்தனை பிதுக்கினாலும் வராது. வராவிட்டால் நஞ்சம்மாள் சலித்துக்கொண்டு வைத்துவிடுவாள். இத்தனை வருஷம் ஒட்டணும் ஒட்டணும் என்று வேண்டிக்கொண்டு ஒட்டினவன், இன்றைக்கு அந்தத் துளை ஒட்டிப் போயிருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டே போனான்.

மொரப்பூர் கிட்டத்தில் அந்த நம்பிக்கையும் போனது. போன வாரம் கண் மருந்துப் புது பாட்டிலைப் பிரித்தபோது அதற்குத் துளையே இல்லை. நஞ்சம்மாள் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்துவிட்டு இவனிடம் நீட்டினாள். இவன்தான் பெரிய மேஸ்திரி மாதிரி, "இதுக்கு எதுக்கு சின்னம்மா மல்லுக்கட்டறீங்க, பின்னூசியை எடுத்து மூக்குல ஒரு குத்து குத்துங்க, தானா வரும்" என்று சொல்லிக் கொடுத்தான். குத்தியும் காட்டினான். நஞ்சம்மாள் வளையலில் எப்போதும் இரண்டு பின்னூசி தொங்கும்.

அடப்பாவி, சொல்லிக் கொடுத்ததும் நான்தானா என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே சொன்னான்.

பைக் இருமியது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. டேங்கிலிருந்து வருகிற குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறது, ஐம்பது ரூபாயில் குழாயை மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். இவன் ஒட்டி வைத்திருந்தான். இப்போது ஒட்டு விட்டு, பெட்ரோல் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டி நின்றுபோனது. பஞ்சர் கடை ஒன்றில் அதைத் தள்ளிவிட்டு, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினான்.

பஸ் என்றால் உயிரை விடுகிறவன், அன்றைக்கு அந்த பஸ்ஸை மனசாரத் திட்டினான். அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. ஒரு கிழவி மூட்டையை ஏற்றினாள், கண்டக்டர் சில்லறை இல்லை என்று சண்டை போட்டான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தொங்கினார்கள். இவன் அம்மாவின் நம்பரை அடித்துக்கொண்டே இருந்தான். தர்மபுரியில் குதித்து ஆட்டோ பிடித்தான். யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா அண்ணா என்று ஆட்டோக்காரர் கேட்டார். என்ன என்று சொல்லுவான்? பெத்தவளுக்குக் கண்ணு மருந்துக்குப் பக்கத்தில் பசையை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தலையை மட்டும் ஆட்டினான். ஆட்டோக்காரர் அதற்கப்புறம் எங்கேயும் வேகத்தைக் குறைக்கவில்லை.

தெருவுக்குள் நுழையும்போதே நஞ்சம்மாளின் ஆடுகள் வேப்பமரத்தில் கட்டியிருந்தது தெரிந்தது. ஆட்டைக் கட்டியாச்சு என்றால் ஆள் இவன் வீட்டில்தான் இருக்கிறாள். ஆட்டோ நிற்பதற்கு முன்னாலேயே இறங்கி ஓடினான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜானகியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணையும் மூடிக் காத்துக்கொண்டிருந்தாள். நஞ்சம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இருடி, மூக்கு அடைச்சிக்கிச்சு. உம் மவன்தான் வழி சொல்லிக் குடுத்திருக்கானே," என்று சொல்லிக்கொண்டே வளையலிலிருந்து பின்னூசியை எடுத்து ஒரு குத்து குத்தினாள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, இடது கையால் ஜானகியம்மாளின் இமையை விரித்து, பாட்டிலைக் கவிழ்த்தாள்.

மாதேஸ்வரனுக்குக் கத்தத்தான் வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரே பாய்ச்சலில் போய் நஞ்சம்மாளின் கையைப் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். பாட்டில் இரண்டு கைக்கும் நடுவில் நசுங்கியது. சில்லென்று என்னவோ உள்ளங்கையில் பரவியது, அப்புறம் சுருக்கென்று சுட்டது.

கீழே ஒரு சொட்டு விழுந்திருந்தது. கட்டில் சட்டத்தில், அம்மாவின் முழங்கை பக்கத்தில். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெளுத்து இறுகிப்போனது.

நஞ்சம்மாள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுத் திட்டத்தான் ஆரம்பித்தாள். என்னடா இது, ஆளைத் தள்ளுறே, கையை வுடுறா என்றாள். அவனால் விட முடியவில்லை. இழுத்துப் பார்த்தாள், தோலோடு வந்தது. மேசைமேல் நின்ற அட்டை பஸ்ஸைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கட்டில் சட்டத்தைப் பார்த்தாள். அப்படியே அவனையும் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். படிக்காதவள்தான், ஆனால் அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் இவனுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் அழுதார்கள்.

"என்னடி பண்றே? வுட்டாச்சா?" என்றாள் ஜானகியம்மாள். கண்ணை இன்னும் திறக்கவில்லை. மருந்து விடும்வரை திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவளாகவே ஒன்று வைத்திருந்தாள்.

"இன்னும் இல்ல," என்றாள் நஞ்சம்மாள். "உம் மவன் வந்திருக்கான். அவனே வுடறானாம்."

"வேலை நேரத்துல எதுக்குடா வந்தே? சரி, வுடு. கழுத்து நோவுது."

ஒட்டின கையோடு இரண்டு பேரும் ஃப்ரிட்ஜுக்கு நடந்தார்கள். மாதேஸ்வரன் இடது கையால் கதவைத் திறந்து, மேல்தட்டில் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து, லேபிளில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தான். மறுபடியும் ஒரு தடவை படித்தான். அப்புறமும் மனசு ஆறாமல் தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஒட்டுகிறதா என்று பார்த்தான். ஒட்டவில்லை. தண்ணீராய் ஓடியது.

நஞ்சம்மாள் தன் இடது கையால் இமையை விரித்தாள். அவன் இடது கையால் பாட்டிலைக் கவிழ்த்தான். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, அடுத்தது புருவத்தில். மூன்றாவதுதான் கண்ணில் விழுந்தது. ஜானகியம்மாள் கொஞ்ச நேரம் மூடியிருந்துவிட்டு, நிதானமாய்க் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் குனிந்திருந்த மகனை உற்றுப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் எல்லாமே அவளுக்குத் தெளிவாய்த் தெரிந்தது.

"ஏன்டா மாதேசு, உங் கண்ணு ரெண்டும் இப்படி செவந்து கெடக்குது? வண்டியில வந்தியே, தூசி வுழுந்துருச்சா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"என்ன இல்ல? தண்ணியா ஊத்துது. நஞ்சம்மா, உங் கையிலதான் அந்த பாட்டில் இருக்குதே, புள்ளைக்கும் ஒரு சொட்டு வுடுடி."

நஞ்சம்மாள் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டாள்.