சண்டியின் இரண்டு 'ச'

அவள் உருவாக்கிய எழுத்துருவுக்குப் பெயர் 'சண்டி'. தடித்தடியான எழுத்துகள், ஓரமெல்லாம் பிய்த்துப் போட்டது போலப் பிசிறு. "எலி கடிச்சுதா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, அவள் அசரவில்லை. இருந்த வேலையையும் விட்டுவிட்டு இதற்காக உட்கார்ந்தவள் வேறென்ன செய்வாள்?

கடைசியில், புதிதாகக் கூடம் திறக்கவிருந்த குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவர் அகப்பட்டார். நறுக்குத் தெறித்தாற்போல் பேசும் பெண்மணி.

"முதல்ல வாசல் போர்டு வைங்க. பிடிச்சா சட்டை, போஸ்டர், டிக்கெட் எல்லாம் இதுலதான். ஆனா காகிதத்துல பாத்தப்போ ஏதோ உறுத்துது. என்னன்னு சொல்லத் தெரியல." அந்த உறுத்தல் இவளுக்கும் தொற்றிக்கொண்டது.

பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்த அக்காள் கணவரிடம் எழுத்து வெட்டும் வேலையைக் கொடுத்தாள். அத்தானுக்குத் தங்கமான மனசு, அதுதான் வம்பு. திறப்பு விழா அன்று காலை கடைக்குப் போனால், 'குத்துச்சண்டைக் கூடம்' மேசை மேல் சோப்புக்கட்டி போல வழவழவென்று கிடந்தது.

"மெஷின் பிளேடு மழுங்கி ஓரமெல்லாம் கடிச்சு வெச்சிருச்சும்மா," என்றார் அத்தான் பெருமையாக. "ஒவ்வொண்ணையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு சரிபண்ணிட்டேன். கையே போச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"அத்தான், அந்தப் பிசிறுதான் எழுத்தே."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மறுபடி வெட்ட ஃபோம் பலகையும் இல்லை, நேரமும் இல்லை. கடையில் இருந்த அக்காள்தான் ஒரு குறடு எடுத்து அவர் கையில் திணித்தாள். "தேய்ச்ச கைதானே, இப்பப் பிய்க்கட்டும்."

குறடு, அரம், திருப்புளி என்று கையில் சிக்கியதைக் கொண்டு மூவரும் அந்தக் கறுப்பு ஃபோம் எழுத்துகள் மேல் பாய்ந்தார்கள். யார் மேலோ இருந்த கோபத்தை அக்காள் 'ண்' மேல் காட்டினாள். அத்தான் முதல் 'ச'வைப் பயந்து பயந்து கிள்ளினார். அவள் அடுத்த 'ச'வை ஆசை தீரக் குதறினாள். மாதக்கணக்கில் திரை முன்னால் குனிந்தே கிடந்த முதுகுக்கு அது பரம சுகமாக இருந்தது.

வாசலில் மாட்டியதும் பயிற்சியாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அத்தான் அக்காளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"இப்பத்தான் புரியுது," என்றார் பயிற்சியாளர். "காகிதத்துல பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு 'ச'வும் ஒரே இடத்துல பிஞ்சிருந்துச்சு. அடி வாங்கின மூஞ்சி ரெண்டு ஒரே மாதிரியா வீங்கும்? இதப் பாருங்க, இது வேற, அது வேற. சட்டை, போஸ்டர் எல்லாம் இப்படியே அடிச்சுக் குடுங்க."

அவளுக்குச் சுரீரென்றது. கணினியில் அவள் ஒரே ஒரு 'ச'தான் வரைந்திருந்தாள்; எத்தனை முறை தட்டினாலும் அதுவேதான் வந்து நிற்கும். இனி ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு மூன்று முகம் வரைய வேண்டும். மலையளவு வேலை. அவளுக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"அத்தான், அந்த முதல் 'ச'வ ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. சண்டியில சேக்கணும்."

"அது நான் பயந்துக்கிட்டே கிள்ளினதும்மா."

"பாத்தாலே தெரியுது. அதான் வேணும்."