காலிதா நெய் ஊற்றாத நாள்

காலிதாவின் கைக்கு அளவு தெரியாது என்று கீழக்கரையில் அந்தத் தெருவே சொல்லும். அவளும் அதை ஒரு பட்டம் போலத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். இடியாப்பத்தின் மேல் நெய், கறிக்குழம்பின் மேல் நெய், யாரும் பார்க்காத நேரத்தில் பருப்பிலும் நெய். மகள் ஜுவைரியாவைக் கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை ஜாபர் சாதிக்கை அவள் அப்படித்தான் வளர்த்தாள். வளர்த்தாள் என்றுதான் சொல்லவேண்டும். அந்த ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் திரும்ப விமானம் ஏறுவார்.

இந்த முறை வந்தவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். நெய், தேங்காய்ப்பால், ஆட்டுக்கறி எதுவும் கூடாது, உப்பு பேருக்குத்தான் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் காலிதா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த மறுநாளே மனசு கேட்காமல் மாப்பிள்ளையின் கஞ்சியில் ஒரு கரண்டி நெய்யை விட்டுக் கலக்கிவிட்டாள். ஒரு கரண்டி என்ன செய்துவிடும் என்பது அவள் எண்ணம். வாயில் வைத்ததுமே ஜாபருக்குத் தெரிந்துபோயிற்று. கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் எழுந்துபோனார்.

அன்றோடு பிடித்தது சனியன். அவள் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் பாதியில் கை கழுவினார். சாயங்காலமானால், நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, இரண்டு தெரு தள்ளியிருந்த தாய் சாலிஹா வீட்டில் ஓட்ஸ் குடித்துவிட்டு வந்தார். சாலிஹா சும்மா இருப்பாளா? "எம்மவன் எங்கிட்டதான் வயிறாரச் சாப்புடுறான்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தாள். மாப்பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாத வீடு என்று பேர் வாங்குவதைவிட, காலிதாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அது போதாதென்று, வெள்ளிக்கிழமையிலிருந்து உம்மா வீட்டிலேயே இருக்கப்போவதாக ஜாபர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு ஒன்றுதான் காலிதாவுக்கு மிச்சம்.

"அவுகளுக்கு மீனும் கிழங்கும் ஓவன்ல சுட்டுக் குடுக்கலாம் உம்மா. டாக்டர் அம்மாவே சொல்லிச்சு" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள் ஜுவைரியா.

"நானே செய்யிறேன். நீ அடுப்படிப் பக்கமே வராத."

ஜாபர் எந்தக் காலத்திலோ கத்தாரிலிருந்து சுமந்துவந்த ஓவனுக்குள் முறுக்கு டப்பாக்கள் குடியிருந்தன. அவற்றை வெளியேற்றிவிட்டுத் துடைத்தாள். அன்று கரைக்கு வந்த விளைமீன் ஒன்றை வாங்கிவந்து கீறல் போட்டு, பூண்டும் மிளகும் சீரகமும் அரைத்து, எலுமிச்சை பிழிந்து அப்பினாள். உருளைக்கிழங்கைத் தோலோடு நறுக்கி அரைவேக்காடாக அவித்து, ஒரே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் புரட்டித் தட்டில் பரப்பினாள். உப்பை விரல் நுனியில் எடுத்துத் தூவினாள். கை தானாகவே நெய் ஜாடி இருந்த அலமாரிக்குப் போனது. "சும்மா கெட" என்று கையை அதட்டிவிட்டு மீனைக் கிழங்கின் மேல் வைத்து உள்ளே தள்ளினாள். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வாசனை கூடத்துக்குப் போய் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது. கிழங்கு ஓரம் சிவந்து மொறுமொறுவென்றிருந்தது. ஜாபர் ஒரு துண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

"மாமி, நெய் போட்டீகளா?"

"அல்லா மேல ஆணையா இல்ல மாப்பிள்ளை!"

"நெய் இல்லாம உங்க கைக்கு இந்த ருசி வராது மாமி."

"உம்மா, உண்மையச் சொல்லிருங்க" என்றாள் ஜுவைரியா. பெற்ற மகளே நம்பவில்லை.

காலிதா முகத்தில் ஈயாடவில்லை. நன்றாகச் சமைத்ததற்காக ஒருத்தி குற்றவாளிக் கூண்டில் நிற்பதை அவள் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஜாபர் தட்டைத் தள்ளினார். "கோவம் இல்ல மாமி. பயமா இருக்கு. ஒவ்வொரு வாய் வைக்கிறப்பவும் இதுல என்ன இருக்கோன்னு பயந்துக்கிட்டே முழுங்குறேன். அதான் உம்மா வீட்டுக்குப் போறேங்கிறேன்."

ருசி இல்லாமல்தான் எழுந்துபோகிறார் என்றல்லவா அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்! மாப்பிள்ளை பயந்தது அவள் கையைப் பார்த்து. அதற்குள் இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள்.

"தொழுதுட்டு வாங்க மாப்பிள்ளை. அதுவரைக்கும் யாரும் இதத் தொடக்கூடாது."

அவர் பள்ளிவாசலுக்குப் போனதும், மீன் விட்டிருந்த சாற்றை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்றில் மட்டும் மகள் கண்ணெதிரே ஒரு ஸ்பூன் நெய்யை விட்டாள். இரண்டையும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துச் சாத்தினாள்.

ஜாபர் திரும்பிவந்ததும், ஒன்றில் மட்டும் தான் நெய் விட்டதைச் சொல்லி, கிண்ணங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நெய் விட்ட கிண்ணத்தில் மேலாக வெள்ளை வெளேரென்று ஏடு கட்டி உறைந்திருந்தது. மற்றதில் பூண்டுத் துணுக்குதான் மிதந்தது. ஜாபர் விரலை விட்டுப் பார்த்தார். ஜுவைரியாவும் விட்டுப் பார்த்தாள். காலிதா அந்த வெள்ளை ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைபோல நினைத்த மனுஷனுக்குள் இதையா இத்தனை வருஷம் ஊற்றினோம் என்று அவளுக்கு மனசு ஆறவேயில்லை.

மீனைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை போதும் என்று தட்டின் மேல் கையை விரிப்பதும், மாமியார் விரலிடுக்கில் அள்ளிவைப்பதும்தான் அந்த வீட்டு மரியாதை. இன்றைக்குக் கரண்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். சமைத்ததைவிட அதுதான் பெரிய பாடாக இருந்தது.

ஜாபர் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, அவசரமில்லாமல் சாப்பிட்டார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"மாமி, இன்னும் ரெண்டு கிழங்கு இருக்கா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்கவிட்டால்தானே! காலிதா தட்டைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன அளவுக்குத்தான் செய்திருந்தாள்.

"இல்ல மாப்பிள்ளை. தீந்துருச்சு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜுவைரியா சிரித்துவிட்டாள். ஜாபரும் சிரித்துக்கொண்டே கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்துத் தன் தாயைக் கூப்பிட்டார். காலிதா அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உம்மா, நாளைக்கு நான் வரல... இல்லம்மா, மாமி ஒண்ணும் புடிச்சு வைக்கல. நாந்தான் இருக்கேங்கிறேன்."