பவர் பட்டனில் சந்தனம்

ரத்தினவேல் ஒவ்வொரு பாகமாக வாங்கித் தானே பூட்டிய கம்ப்யூட்டர் அது. அவர் இறந்தபின்னும் மனைவி சுந்தரவல்லி அதைத் தினமும் ஒருமுறை போட்டுப் பார்ப்பாள். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து, போட்ட கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடத் தொடங்கியது.

கொழுந்தன் மணிமாறன் கப்பலூரிலிருந்து வந்து, ராம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான், வயரை மாற்றினான். அப்படியும் அணைவது நிற்கவில்லை.

"மதர்போர்டு போச்சு மதினி. பழைய சாமான் கடையில போட்டுட்டு வேற வாங்கிருவோம்."

கடைசியாக ஒருமுறை பட்டனை அமுக்கியவன், அது உள்ளேயே ஒட்டி நிற்பதைப் பார்த்தான். சுற்றிலும் காய்ந்த சந்தனம்.

"அண்ணன் போயி வருசம் திரும்பலையே, நமக்குப் பண்டிகை கிடையாதுல்ல?"

"நமக்குத்தான் கிடையாது. பெட்டிக்கு என்ன?"

"அண்ணன் பக்கவாட்டுலதான பொட்டு வைப்பாரு."

"அவுக விரல் பட்டுத் தேஞ்ச இடம் இதுதான், தம்பி."

மணிமாறன் ஈரப் பஞ்சால் சந்தனத்தைத் துடைத்தெடுத்தான். பட்டன் மேலே வந்தது.

"பட்டன் அமுங்கியே கிடந்தா, அணைக்கச் சொல்றோம்னு நினைச்சுக்கும். இப்பப் போடுங்க."

அவள் அமுக்கினாள். ஃபேன் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"அடுத்த வருசம் பக்கவாட்டுலயே வைக்கிறேன்" என்றாள்.