கட்டிலிலிருந்து அறுபது அடி

வெடிக்காரர் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தபடியே அறுபது அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். கட்டிலின் உயரம் ஒன்றரை அடி. போலீஸ்காரர் நாடா வைத்து அளந்து, அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

கல்குவாரியில் பாறைக்கு மருந்து வைத்து உடைப்பது அவர் வேலை. வீட்டில் உடைப்பதற்கு மருந்து தேவைப்படவில்லை. கல்யாணமான ஒன்பது வருடத்தில் மனைவிக்கு ஒரு பல்லும் இடது மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் போயிருந்தன. அவள் கையால் செய்ததில் அவர் குறை சொல்லாத ஒரே பொருள் காட்டுப் பழ ஒயின்தான். முள்புதர்களில் கறுப்புப் பழம் பழுக்கும் பருவத்தில் இரண்டு வாளி பறித்து வருவாள். காம்பு கிள்ளி, கழுவி, கையாலேயே பிசைந்து, சர்க்கரையும் ஆறவைத்த வெந்நீரும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டுவாள். தினமும் மரக்கரண்டியால் கிளறி, நுரை அடங்கியதும் வடிகட்டி, பாட்டில்களில் அடைத்து ஆறு மாதம் தொடாமல் வைப்பாள். அந்த வருடம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஓரத்துப் புதர்களை வழித்தெடுத்துவிட்டார்கள். அதனால் கைவிடப்பட்ட பழைய குவாரிப் பள்ளத்துக்குள் இறங்கிப் பறித்தாள். பத்து வருடத்துக்கு முன் விளிம்பு சரிந்து வெடிக்காரரின் அண்ணன் விழுந்து இறந்த பள்ளம் அது. அங்கே பழம் கட்டைவிரல் நுனி அளவுக்குப் பெரிதாக இருந்தது. மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான் செய்தேன் என்று பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முதல் பாட்டிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டோடு திறந்தார்கள். அவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "இந்தத் தடவை நல்லா வந்திருக்குடி" என்றார். வாயை மூடுவதற்குள் கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. அவள் எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கன்னத்தில் நான்கு விரலும் ஒரு மோதிரமும் சிவப்பாக எழுந்தன. மோதிரம் அவருடையது. அன்று காலை சட்டைப் பித்தான் தைக்கவில்லை என்று அவளை அறைந்தது அதே கன்னத்தில்தான். அடுத்து வயிற்றில் ஓர் உதை விழுந்து நாற்காலியோடு மல்லாந்தார். அது வெள்ளிக்கிழமை அவர் கொடுத்த உதை. மூன்றாவதாக நெற்றி தானாகப் போய்க் கதவு நிலையில் மோதியபோது அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவர் கொடுத்ததெல்லாம் கடைசியிலிருந்து வரிசையாக அவருக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். ஒன்பது வருடமாக அவளுக்குக் கட்டுப்போட்டு, 'குளியலறையில் வழுக்கி விழுந்தது' என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். முதல் நாள் அவள் சமையலறையிலிருந்தே, "டாக்டர், அடுத்தது இடது விலா. ரெண்டு எலும்பு. கட்டுத்துணிய எடுத்து வச்சுக்குங்க" என்றாள். சொல்லி முடிக்கவும் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மறுநாள் டாக்டர் அவளுடைய பழைய மருத்துவச் சீட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, அடி விழுவதற்கு முன்பே மருந்தைத் தயாராக வைத்தார். மூன்றாம் நாள் சீட்டுகளை மடித்து வைத்துவிட்டு, "அம்மா, நான் அப்பவே கேட்டிருக்கணும்" என்றார். "ஆமா, கேட்டிருக்கணும்" என்று அவள் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு குழைத்தார்.

அவளுக்குக் கணக்குத் தெரியாத அடிகளும் வந்தன. குவாரி ஆட்கள் வேலைக்குப் போகும் வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். இரும்புக் கம்பி அடி முதுகில் விழுந்தபோது லாரி ஓட்டுபவர், "அது என்னோடது" என்று சொல்லித் தன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். பல் ஒன்று தெறித்து ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. அதற்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

எட்டு நாளில் ஒன்பது வருடமும் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்றும் வரவில்லை. புதனும் வரவில்லை. அண்ணன் இறந்ததிலிருந்து கல்யாணம் வரை அவர் யார்மேலும் கை வைத்ததில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வீங்கிய வாயால் கஞ்சி குடித்தார். "இனிமே உன் பக்கமே கை நீளாது" என்று அழுதார். அவள் வாயைத் துடைத்துவிட்டாள். நம்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழன் காலை அண்ணனின் மனைவி வந்தாள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள், பத்து வருடமாக இந்தப் படி ஏறாதவள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி எதுக்கு வந்திருக்காங்க? போகச் சொல்லு."

"அக்கா பாட்டுக்குத் தச்சிட்டிருக்காங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி. கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்து வரப்போவது என்ன என்று அவளுக்குப் புரிந்தது.

"என்னைக் கட்டிலோட கட்டிப்போடு. சீக்கிரம்" என்றார். குவாரிக் கயிற்றை எடுத்துவந்து மார்பு, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் கட்டினாள். அவரைக் காப்பாற்றத்தான் அத்தனை இறுக்கினாள். முடிச்சு ஒன்றுகூடப் பிசகவில்லை. அண்ணி ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எதுக்குத் தள்ளுனே?"

"மேஸ்திரி வேலைய அவருக்குக் கொடுத்துட்டாங்க அண்ணி."

"விழும்போது ஏதாவது சொன்னாரா?"

"விளிம்பு சரியுதுன்னு நெனச்சுட்டார். 'தம்பி, தள்ளி நில்லு'ன்னார்."

அண்ணி அழவில்லை. அந்த வார்த்தைகளை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போது அவர் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு உள்ளங்கைகள் அழுந்தும் சத்தம் கேட்டது. அவருடைய தலைமுடி மேல்நோக்கி எழுந்தது. போர்வை படபடத்தது, மேஜைமேல் இருந்த மருத்துவச் சீட்டுகள் பறந்தன. இரண்டு எண்ணுவதற்குள் பாறையில் விழும் சத்தம் கேட்டது. உடம்பில் முழு எலும்பு மிச்சமில்லை. கட்டிலின் கால் ஒன்றுகூட ஆடவில்லை. கயிறு கட்டியபடியே இருந்தது. டாக்டர், உயரத்திலிருந்து விழுந்ததால் மரணம் என்று எழுதினார். அவர் எழுதிய சீட்டுகளில் அது ஒன்றுதான் உண்மை என்று லாரிக்காரர் சொல்லித் திரிந்தார்.

மீதி பாட்டில்களை யாரும் பறிமுதல் செய்யவில்லை. போலீஸ்காரர் மூடியை முகர்ந்துவிட்டு, பணியில் இருக்கும்போது குடிப்பதில்லை என்று வைத்துவிட்டார். அண்ணி தன் தையல் இயந்திரத்தோடு அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். மறு வருடம் இருவருமாகப் பள்ளத்தில் இறங்கி நான்கு வாளி பறித்தார்கள். அந்தத் தெருவில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பது வழக்கமானது. குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர்களும் உண்டு, டம்ளரைக் கண்டதுமே வாசலில் செருப்பைத் தேடியவர்களும் உண்டு.

புது ஒயின் தயாரான அன்று மதியம் இருவரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் அவள் மேல்கையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"யாரு?" என்றாள் அண்ணி.

"மூணாங்கிளாஸ்ல பக்கத்துல உக்காந்தவ. என் பென்சில எடுத்தா, நான் கிள்ளிட்டேன்."

கையைத் தேய்த்துக்கொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றாள்.